திருச்சிக்கு நேரடி விமானம்: ஒரு வழித்தடம் எப்படித் திறக்கிறது, எப்படி நிலைக்கிறது?

மாலை ஏழு மணிக்கு ஈப்போவில் ஒரு வீட்டில் தொலைபேசி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு. ஊரில் இருந்த பெரியப்பா தவறிவிட்டார். "எப்போது எடுக்கிறீர்கள்?" என்று இங்கிருந்து கேட்கிறார்கள். "நீங்கள் எப்போது வந்து சேர்வீர்கள்?" என்று அங்கிருந்து திருப்பிக் கேட்கிறார்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் இடம் கிடைத்து, கையில் செல்லத்தக்க விசாவும் இருந்தால், மறுநாளே முகம் பார்த்துவிடலாம். விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். இறங்கியபின் புதுக்கோட்டைக்குச் சாலை வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். சென்னையில் இறங்க நேர்ந்தால் கதை வேறு. அங்கிருந்து திருச்சிக்கே 320 கிலோமீட்டருக்கு மேல். ரயிலோ பேருந்தோ வாடகைக் காரோ பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

திருச்சி போன்ற ஒரு நடுத்தர நகரத்து விமான நிலையத்தில் எத்தனை விமானங்கள் வந்து போகின்றன என்பது, அந்த வட்டாரத்தில் வேர் உள்ள மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஊர் அருகில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்பதையே தீர்மானிக்கிறது. ஆயினும் ஓர் ஊருக்கு விமானம் ஏன் வருகிறது, பக்கத்து ஊருக்கு ஏன் வருவதில்லை என்பது பலருக்கும் புரியாத புதிராகவே இருக்கிறது. 'ஆள் இருந்தால் விமானம் வரும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு வழித்தடம் திறப்பதற்கு மூன்று பூட்டுகள் திறந்தாக வேண்டும். முதலாவது, பறக்கும் உரிமை. இரண்டாவது, ஏற்ற ஓடுபாதையும் ஏற்ற விமானமும். மூன்றாவது, ஆண்டு முழுவதும் இரு திசைகளிலும் நிரம்பும் இருக்கைகள். இவற்றில் ஒன்று பூட்டிக் கிடந்தாலும் வழி திறக்காது.

கப்பல் நின்றது, விமானம் வந்தது

மலாயாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள். தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் துறைமுகங்களுக்கும் வந்தவர்களில் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரத்தினர் கணிசமானவர்கள். வணிகம் செய்ய வந்த நகரத்தார்களின் செட்டிநாடும் திருச்சியிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறங்கிய அந்தத் தலைமுறையினர் 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' அந்தப் பணியைச் செய்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்தோடு இந்த நீர்வழிப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது.

கப்பல் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. எனினும் அதில் ஒரு வசதி இருந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் காவிரிக் கரை ஊர்கள் பக்கத்திலேயே இருந்தன. விமான யுகம் வந்தபோது பயண நேரம் குறைந்தது; இறங்கும் இடமோ சென்னைக்கு நகர்ந்தது. நான்கு மணி நேரம் கடலைக் கடந்து வந்தவர்கள், அதைவிட அதிக நேரம் தரையில் பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

இந்நிலையில் ஒரு பெரிய மாற்றம் 2008-இல் ஏற்பட்டது. மலேசியாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஏர்ஏசியா, இந்தியாவுக்கான தன் முதல் சேவையை அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. அது டில்லிக்கோ மும்பைக்கோ சென்னைக்கோ அல்ல, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு. பெரிய நகரங்களை விட்டுவிட்டு ஒரு நடுத்தர நகரத்தை அந்நிறுவனம் முதலில் தேர்ந்தெடுத்தது பலருக்கு வியப்பளித்தது. அதன் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இங்குள்ள தமிழர்களுக்கும் அந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு. மற்றொன்று, அதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒரு சட்டக் காரணம்.

முதல் பூட்டு: வானத்துக்கும் அனுமதி வேண்டும்

பேருந்து நிறுவனம் ஒன்று புதிய ஊருக்குப் பேருந்து விட வேண்டுமானால் உள்நாட்டு உரிமம் போதும். விமானத்துக்கு அப்படியில்லை. 1944 டிசம்பர் 7-ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் கையெழுத்தான அனைத்துலக உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு இறைமை உண்டு. ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டுக்குக் கால அட்டவணைப்படி சேவை நடத்த, அந்த நாட்டின் அனுமதி வேண்டும். ஆகவேதான் நாடுகள் தங்களுக்குள் இருதரப்பு விமானச் சேவை ஒப்பந்தங்களைச் செய்துகொள்கின்றன. எந்தெந்த ஊர்களுக்குப் பறக்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் வரை விற்கலாம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தங்களில்தான் எழுதப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இடம்பெறாத இந்திய நகரத்துக்கு மலேசிய நிறுவனமோ சிங்கப்பூர் நிறுவனமோ பறக்க முடியாது. ஆனால் இந்திய நிறுவனம், தன் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை அளவுக்குள், சுங்க, குடிநுழைவு வசதியுள்ள எந்த இந்திய நகரத்திலிருந்தும் புறப்பட்டு வரலாம்.

2003 அக்டோபரில் பாலித் தீவில் ஆசியான் தலைவர்களின் மாநாடு நடந்தபோது, அப்போதைய இந்தியப் பிரதமர் வாஜ்பாயி ஒரு சலுகையை அறிவித்தார். ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா நகரங்களுக்கு வரம்பின்றிப் பறக்கலாம் என்பதே அது. கயா, வாரணாசி, அமிர்தசரஸ், ஜெய்ப்பூர், கோவா, விசாகப்பட்டினம், கொச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம், அகமதாபாத் முதலிய ஊர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே நகரம் திருச்சிராப்பள்ளி.

இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது என்பதைப் பின்னாளில் நடந்தவை காட்டுகின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் 2023-இன் இறுதியில் அமிர்தசரஸ், திருவனந்தபுரம், அகமதாபாத் ஆகிய நகரங்களுக்குப் புதிய சேவைகளைத் தொடங்கியது. ஏர்ஏசியா 2024-இல் விசாகப்பட்டினம், கோழிக்கோடு, குவாஹாத்தி ஆகியவற்றுக்குச் சேவை தொடங்கியது. இந்த ஆறு ஊர்களும் அதே 18 நகரப் பட்டியலைச் சேர்ந்தவை. சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில் இருக்கை வரம்பு கழுத்தைப் பிடிக்கும்போது, நிறுவனங்கள் வரம்பில்லாத நடுத்தர நகரங்களை நாடுவது இயல்புதான்.

'மதுரைக்கு ஏன் மலேசிய விமானம் நேரடியாக வருவதில்லை?' என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மதுரை பெரிய நகரம், மீனாட்சியம்மன் கோயிலுக்கு உலகமெங்கும் பெயர் உண்டு, பயணிகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 18 நகரப் பட்டியலில் மதுரை இல்லை. சிங்கப்பூருக்கும் மதுரைக்கும் இடையே நேரடிச் சேவை நடத்தியது இந்திய நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்நகரத்துக்குச் சிங்கப்பூரின் சில்க்ஏர் நிறுவனமும் பின்னர் ஸ்கூட்டும் பறந்தது வேறொரு வழியில், அதாவது சிங்கப்பூருடன் உள்ள ஒப்பந்தத்தின் வழியில். ஆகவே ஓர் ஊருக்கு விமானம் வேண்டும் என்று கோரிக்கை எழும்போது, அந்தக் கோரிக்கை விமான நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிட்டால் பயனில்லை. அரசாங்கங்கள் பேச வேண்டிய விஷயம் அது.

இரண்டாம் பூட்டு: ஓடுபாதையின் நீளம்

உரிமை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தரை வேண்டும். திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை 2,480 மீட்டர் நீளமுடையது. கோலாலம்பூர், சாங்கி விமான நிலையங்களின் ஓடுபாதைகள் ஏறத்தாழ 4,000 மீட்டர் நீளமுள்ளவை. இந்த வித்தியாசம் பயணியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. விமானியின் கணக்கில் அது மிகப் பெரியது.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற, நடுவில் ஒரே நடைபாதை கொண்ட விமானங்களுக்குத் திருச்சியின் ஓடுபாதை போதும். முந்நூறு பேரையும் பல டன் சரக்கையும் சுமந்து நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானங்கள், முழு எடையோடு மேலெழும்ப அதைவிட நீண்ட பாதையை எதிர்பார்க்கின்றன. வெயிலும் ஒரு காரணம். காற்று சூடேறினால் அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகளுக்குத் தூக்குவிசையும் குறையும். இயந்திரத்தின் உந்துவிசையும் குறையும். எனவே, அதே விமானம் சித்திரை மாதத்து நண்பகலில் தேவைப்படும் ஓட்ட தூரத்தைவிட மார்கழி மாதத்து இரவில் குறைந்த தூரத்தில் எழும்பிவிடும். பாதையை நீட்ட முடியாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். எடையைக் குறைப்பது என்றால் பயணிகளையோ சரக்கையோ எரிபொருளையோ குறைப்பது. எரிபொருள் குறைந்தால் போகக்கூடிய தூரமும் குறையும்.

இதனால்தான் திருச்சியின் வெளிநாட்டுச் சேவைகள் நான்கைந்து மணி நேரத்துக்குள் அடங்கும் நகரங்களாகவே அமைந்திருக்கின்றன. கிழக்கே சிங்கப்பூர், கோலாலம்பூர், தெற்கே கொழும்பு, மேற்கே வளைகுடா நாடுகள். லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போக விரும்பும் திருச்சிக்காரர் இன்னொரு பெரிய நிலையத்தில் விமானம் மாறியாக வேண்டும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் நீண்ட காலமாகவே பேசப்படுகிறது. அதற்கு வேண்டிய நிலத்தைக் கையகப்படுத்துவது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது.

விமானத்தின் அடிவயிற்றில் போகும் சரக்குக்கும் இதில் தொடர்பு உண்டு. திருச்சி வட்டாரத்துக் காய்கறிகளும் பழங்களும் பூக்களும் பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஏறித்தான் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வருகின்றன. சிறிய விமானத்தில் பயணிகளின் பெட்டிகள் ஏறியபின் மிஞ்சும் இடமே இவற்றுக்குக் கிடைக்கும். விழாக்காலத்தில் ஆளுக்கு 30 கிலோ பெட்டியோடு பயணிகள் ஏறினால், முருங்கைக்காயும் மல்லிகையும் பின்தங்க வேண்டியதுதான்.

மூன்றாம் பூட்டு: 180 இருக்கைகளின் கணக்கு

உரிமையும் தரையும் அமைந்துவிட்டன என்று கொள்வோம். இனி நிறுவனத்தின் கணக்குப் பிள்ளை பேனாவை எடுப்பார். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏ320 விமானத்தில் பொதுவாக 180 இருக்கைகள். நாள்தோறும் ஒரு சேவை என்றால் ஆண்டுக்கு ஒரு திசையில் மட்டும் 65,700 இருக்கைகள். போக வர இரண்டையும் சேர்த்தால் 1,31,400. இதில் நூற்றுக்கு எண்பது நிரம்பினால்தான் கட்டுப்படியாகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் பயணச்சீட்டு வாங்க வேண்டும். நாளுக்கு ஒன்று என்ற ஒரே ஒரு சேவைக்கே இந்தக் கணக்கு.

தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் விமானம் நிறைவது பெரிய காரியமல்ல. பிப்ரவரி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை நிறைகிறதா என்பதே கேள்வி. அதைவிடச் சிக்கலானது திசை. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மலேசியாவிலிருந்து ஊருக்குப் போகும் விமானம் நிறைந்து வழியும். அதே விமானம் திரும்பும்போது பாதி காலியாக வரும். மாத இறுதியில் நிலைமை தலைகீழாக மாறும். ஒரு பக்கம் மட்டும் நிறையும் விமானத்தில், நிறையும் பக்கத்துப் பயணிதான் காலிப் பக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். விழாக்காலக் கட்டணம் கண்ணைக் கட்டும் அளவுக்கு உயர்வதற்குப் பேராசை மட்டுமே காரணமல்ல. இந்த ஒருபக்கச் சுமையும் ஒரு காரணம்.

இரு திசைகளிலும் வெவ்வேறு வகையான பயணிகள் இருந்தால்தான் ஒரு வழித்தடம் தாக்குப்பிடிக்கும். திருச்சியின் பலம் அதில்தான் இருக்கிறது. இங்கிருந்து உறவினரைப் பார்க்கவும் கோயில்களுக்கும் மருத்துவத்துக்கும் திருமணச் சேலைகள் வாங்கவும் போகிறவர்கள் ஒரு பக்கம். அங்கிருந்து வேலைக்கு வரும் தொழிலாளர்களும் படிக்க வரும் மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும் மறுபக்கம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள்கள் வரை விசா இன்றி மலேசியாவுக்கு வரலாம் என்று மலேசிய அரசாங்கம் அறிவித்ததும் திரும்பும் திசையின் இருக்கைகளை நிரப்ப உதவியது. பெரும்பாலான இந்திய நடுத்தர நகரங்களில் உள்நாட்டுப் பயணிகள்தான் அதிகம். திருச்சியிலோ வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை உள்நாட்டுப் பயணிகளை மிஞ்சி நிற்கிறது. கடல் கடந்த உறவின் அடையாளம் அது.

ஏன் நடுராத்திரியில்?

'இந்த விமானங்கள் ஏன் பேய் உறங்கும் நேரத்தில் வந்து போகின்றன?' என்று வயதான பயணிகள் அலுத்துக்கொள்வதுண்டு. அதற்கும் கணக்குத்தான் காரணம். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்துக்கு நட்டம். கோலாலம்பூரில் இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்தால், இரண்டரை மணி நேர வேறுபாட்டால் திருச்சியில் உள்ளூர் நேரப்படி இரவு 10.30-க்கு இறங்கும். ஒரு மணி நேரத்தில் பயணிகளை இறக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் மறுநாள் காலை 6 மணிக்குக் கோலாலம்பூருக்குத் திரும்பிவிடும். உடனே பினாங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ பகல் சேவைக்குத் தயாராகிவிடும். பகலில் உள்நாட்டிலும் இரவில் திருச்சிக்கும் என ஒரே விமானம் இரட்டை வேலை செய்வதால்தான் கட்டணத்தைக் குறைக்க முடிகிறது. இரவுக் காற்றின் குளிர்ச்சி குறுகிய ஓடுபாதைக்குக் கைகொடுப்பது கூடுதல் நன்மை.

புதிய முனையம், புதிய ஊர்கள்

இந்திய அரசாங்கம் 2012 அக்டோபரில் திருச்சிக்கு அனைத்துலக விமான நிலையத் தகுதியை வழங்கியது. 2009-இல் திறக்கப்பட்ட முனையம் சில ஆண்டுகளிலேயே நெருக்கடியாகிவிட்டது. நள்ளிரவில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் குடிநுழைவு முகப்பில் வரிசை நீண்டது. 1,100 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் கட்டப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் அது முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் சுமார் 3,500 பேரையும் தாங்கும் வகையில் அது அமைந்துள்ளது. ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவூட்டும் வண்ணங்களும் சுவரோவியங்களும் அங்கே பயணிகளை வரவேற்கின்றன.

புதிய வழித்தடங்களும் சேர்ந்தன. வியட்ஜெட் நிறுவனம் 2023 நவம்பரில் ஹோ சி மின் நகரிலிருந்து திருச்சிக்குச் சேவை தொடங்கியது. 2024-இல் தாய் ஏர்ஏசியா பேங்காக்கிலிருந்து வந்தது. இவற்றில் உணர்வுபூர்வமானது யாழ்ப்பாணச் சேவை. உள்நாட்டுப் போருக்கு முன்னர் ஏர் சிலோன் விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே பறந்தன. போர் அந்த வழியை மூடிவிட்டது. 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ நிறுவனம் அதே வழியை மீண்டும் திறந்தது. 200 கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்துக்கு 180 இருக்கை விமானம் அனுப்பினால் நிறையாது. ஆகவே எண்பதுக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட, சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் விமானம் பயன்படுத்தப்பட்டது. ஃபயர்பிளை விமானங்களில் சுபாங்கிலிருந்து பயணம் செய்தவர்களுக்கு அந்த வகை விமானம் பழக்கமானதே. பயணிகள் குறைவாக உள்ள வழிக்குச் சிறிய விமானம் என்பது, நடுத்தர நகரங்களுக்குக் கிடைத்துள்ள ஒரு புதிய சாவி. ஸ்கூட் நிறுவனமும் 2024 மே மாதத்தில் 112 இருக்கைகள் கொண்ட எம்பிராயர் விமானங்களைச் சேர்த்துக் குவாந்தான், மிரி, சிபு போன்ற ஊர்களை அடைந்தது இந்த வழியில்தான்.

ஒன்றை இங்கே மறந்துவிடக் கூடாது. முனையம் என்பது வீட்டின் வரவேற்பறை போன்றது. அது அழகாக இருந்தால் விருந்தினர் மகிழ்வார்கள். ஆனால் விருந்தினர் வருவதற்கு அழைப்பும் பாதையும் வேண்டும். பறக்கும் உரிமை விரியாமல், ஓடுபாதை நீளாமல் முனையம் மட்டும் வளர்ந்தால், பெரிய கூடத்தில் அதே பழைய விமானங்கள்தான் வந்து நிற்கும்.

இதே பாடம் மலேசியாவுக்கும் பொருந்தும். தமிழர்கள் காலங்காலமாக வந்திறங்கிய பினாங்கிலிருந்து சென்னைக்குப் போக, பலரும் கோலாலம்பூர் வரை வந்துதான் விமானம் ஏறினார்கள். 2024 டிசம்பர் 21-ஆம் தேதி இண்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவை தொடங்கியபோது, வடமாநிலத் தமிழர்களுக்கு அரை நாள் பயணம் மிச்சமானது.

வழி மூடியபோது தெரிந்த அருமை

இருக்கும்போது தெரியாத அருமை இல்லாதபோது தெரியும். கொரோனா தொற்றின் காரணமாக இந்தியா 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 26 வரை அட்டவணைப்படியான அனைத்துலகப் பயணிகள் விமானங்களை நிறுத்தி வைத்தது. 2020 மே மாதம் முதல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு விமானங்கள் திருச்சியில் இறங்கின. வேலை இழந்தவர்களும் விசா முடிந்தவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றில் இருந்தனர். 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிமை இல்லாப் பயணத் திட்டத்தைச் சிங்கப்பூர் இந்தியாவுடன் தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்டவை சென்னை, டில்லி, மும்பை ஆகிய மூன்று நகரங்களே. காவிரிப் படுகைக்குப் போக வேண்டியவர்கள் மீண்டும் சென்னையைச் சுற்றி வர நேர்ந்தது. நெருக்கடி வரும்போது முதலில் அடைபடுவதும் கடைசியில் திறப்பதும் நடுத்தர நகரத்தின் கதவுதான் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் உணர்த்தின. தாய் தந்தையின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

வழித்தடங்கள் கூடியிருப்பதால் தேர்வும் கூடியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலாவது, விளம்பரத்தில் தெரியும் கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. மலிவுக் கட்டணத்தில் பெரும்பாலும் கைப்பை மட்டுமே அடங்கும். பெட்டி, உணவு, இருக்கைத் தேர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். பெட்டிக்கான கட்டணத்தை முன்பதிவின்போதே செலுத்துவது, விமான நிலையத்தில் செலுத்துவதைவிடக் குறைவு. எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்பது தெரியும்.

இரண்டாவது, சென்னை வழியாகப் போனால் சில நூறு வெள்ளி மிச்சம் என்று தோன்றலாம். ஆனால் அங்கிருந்து ஊருக்குப் போகும் வாகனச் செலவு, தங்கும் செலவு, வழியில் உணவு, ஒரு நாள் விடுப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் அலைச்சலுக்கும் ஒரு விலை உண்டு.

மூன்றாவது, விமானம் மாறிப் போகும்போது இரண்டு பயணத்தையும் ஒரே பயணச்சீட்டில் வாங்குவதும் தனித்தனியே வாங்குவதும் ஒன்றல்ல. ஒரே சீட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டுகளில் அந்தப் பொறுப்பு பயணியின் தலையில் விழும்.

நான்காவது, விசா. ஊரில் வயதான பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருப்பவர்கள், அவசரம் வந்தபின் இணைய விசாவுக்கு ஓடுவதைவிட, நீண்ட காலத்துக்குச் செல்லத்தக்க விசாவை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது அறிவுடைமை. தகுதியுள்ள இந்திய வம்சாவளியினர் ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதத்துக்குச் செல்லத்தக்கதாக இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நேரடி விமானம் இருந்தும் தாள் இல்லாததால் போக முடியாமல் போனவர்கள் உண்டு.

ஐந்தாவது, முடிந்தவர்கள் விழாக்கால நெரிசலைத் தவிர்த்து மற்ற மாதங்களில் பயணம் செய்யலாம். பணம் மிச்சமாவதோடு, அந்த வழித்தடத்தின் காலி இருக்கையும் ஒன்று குறையும். ஆண்டு முழுவதும் ஓரளவு நிறைந்து ஓடும் வழித்தடத்தைத்தான் நிறுவனங்கள் நிலையாக வைத்துக்கொள்கின்றன. தீபாவளிக்கு மட்டும் நிறையும் வழியை, விமானம் வேறு இடத்துக்குத் தேவைப்படும்போது முதலில் வெட்டிவிடுகின்றன.

உறவு இருந்தால் வழி இருக்கும்

விமான நிறுவனங்கள் உணர்ச்சிக்காகப் பறப்பதில்லை, கணக்குக்காகப் பறக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. பேரப்பிள்ளையைக் காட்டப் போகிறவர், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர், மகள் திருமணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர், இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் வீடு திரும்பும் தொழிலாளி என எல்லாரும் சேர்ந்துதான் அந்த 180 இருக்கைகளை நிரப்புகிறார்கள்.

முதல் தலைமுறைக்கு ஊர் என்பது பிறந்த இடம். இரண்டாம் தலைமுறைக்கு அது பெற்றோரின் ஊர். மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு அது ஒரு பெயராக மட்டும் மிஞ்சிவிடக்கூடும். பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே அழைத்துச் சென்று, தாத்தா புறப்பட்டு வந்த வீட்டையும் அங்கு இன்னும் இருக்கும் சொந்தங்களையும் காட்டும் குடும்பங்கள், அந்தப் பெயருக்கு முகம் கொடுக்கின்றன. அடுத்த முறை அந்த ஊரிலிருந்து தொலைபேசி ஒலிக்கும்போது, எடுப்பவருக்கு அழைப்பது யார் என்று தெரிந்திருக்கும். புறப்பட வேண்டும் என்றும் தோன்றும். அப்படிப் புறப்படுகிறவர்கள் இருக்கும்வரை திருச்சிக்கு விமானமும் இருக்கும்.